ஹவுரா டிக்கெட்டும் ஊடுருவிப் பரிசும்: வளாகச் சுவரொட்டிகளில் கருத்து எது, குறிவைப்பு எது?

புதுச்சேரியில் முதுகலை படிக்கும் ஒரு தம்பி நீளமாக ஒரு கேள்வி கேட்டிருந்தார். சுருக்கம் இது. அவர்கள் விடுதி மெஸ் வாசலில் ஒருநாள் காலை ஒரு சுவரொட்டி. ரயில் டிக்கெட் மாதிரி வடிவமைத்து, ‘புதுச்சேரி – ஹவுரா, ஒருவழிப் பயணம்’ என்று அச்சடித்து (ஹவுரா மேற்கு வங்கத்தில் இருக்கிறது), கீழே வெளிமாநிலத்தவரைப் பார்த்து ‘வந்தது போதும், கிளம்புங்கள்’ என்று போட்டிருந்தது. இரண்டு நாள் கழித்து எதிர்த்தரப்பு மாணவர்கள் இன்னொன்று ஒட்டினார்கள்: ‘உன் வகுப்பில் ஊடுருவி இருக்கிறானா? தகவல் சொல், பரிசு வெல்.’ அதில் ஒரு கியூஆர் கோடும் இருந்தது. நிர்வாகம் முதலாவதைக் கிழித்துவிட்டு, ஒட்டிய மூன்று பேரை விசாரணை இல்லாமலேயே சஸ்பெண்ட் செய்தது. இரண்டாவது இன்னமும் சுவரில் இருக்கிறது. ‘இதெல்லாம் கருத்துச் சுதந்திரமா, வெறுப்பா? அமெரிக்காவில் இப்படி அனுமதிக்கிறார்களாமே? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்கிறார்.

நேராகவே சொல்லிவிடுகிறேன் தம்பி. இரண்டு சுவரொட்டியும் தவறு. ஆனால் இரண்டும் ஒரே அளவு தவறு இல்லை. சுவரில் இன்னும் இருக்கிறதே, அதுதான் அதிக ஆபத்தானது. ஒன்றைக் கிழித்ததில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. மற்றதை விட்டுவைத்ததும், மூன்று பேரை ஒரு வார்த்தை கேட்காமல் வெளியே அனுப்பியதும்தான் என்னை இவ்வளவு எழுத வைக்கிறது.

அமெரிக்காவைப் பற்றிக் கேட்டதால் அதை முதலில் முடித்துவிடுவோம். 2013 நவம்பரில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் வலதுசாரி மாணவர் அமைப்பு ஒன்று ஒரு ‘விளையாட்டு’ அறிவித்தது. சிலர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற அட்டையைக் குத்திக்கொண்டு வளாகத்தில் நடமாடுவார்கள். அவர்களைப் பிடித்துக் கொண்டுவந்தால் 25 டாலர் பரிசுக் கூப்பன். உங்கள் இரண்டாவது சுவரொட்டியைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. 2007-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் இதே மாதிரி ஒன்றை நடத்தினார்கள். எதிர்த்துத் திரண்ட மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வந்து, விளையாட வந்தவர்களை எண்ணிக்கையிலேயே அமுக்கிவிட்டார்கள். ஆஸ்டினில் நிர்வாகம் தடை போடவில்லை. பேச உரிமை உண்டு, ஆனால் இது இந்த வளாகத்தின் மதிப்புகளுக்கு ஒத்துவராது என்று பகிரங்கமாகச் சொன்னது. கண்டனம் குவிந்தது. நடக்க வேண்டிய நாளுக்கு முன்பே அந்த அமைப்பே கைவிட்டது.

அங்கே நிர்வாகம் தடை போடத் தயங்கியதற்குக் காரணம் சட்டம்தான். டெக்சாஸ் பல்கலைக்கழகம் அரசு நிறுவனம். அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அதைக் கட்டுப்படுத்தும். 1969-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் மிக உயரமானது: உடனடியாக ஒரு சட்டமீறலைக் கிளப்பும் நோக்கத்தோடு பேசி, அது நடக்கவும் வாய்ப்பிருந்தால்தான் அந்தப் பேச்சைத் தண்டிக்கலாம். அந்த அளவுகோலை அப்படியே தூக்கிவந்து புதுச்சேரிப் பக்கத்துக் காலாப்பட்டிலோ கடலூரிலோ வைக்க முடியாது. நம் சட்டம் வேறு.

நம் அரசியலமைப்பின் 19(1)(அ) பேச்சுரிமை தருகிறது. 19(2) அதற்கு வேலி போடுகிறது: பொது ஒழுங்கு, நாட்டின் ஒருமைப்பாடு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று சில காரணங்கள். அந்தக் காரணங்களுக்கு வெளியே எந்தத் தடையும் செல்லாது. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்பதை 2015 மார்ச் 24-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகப் போட்டது. ஒரு விஷயத்தை விவாதிக்கலாம். பிறருக்குக் கசப்பாக இருந்தாலும் அதற்காக வாதாடலாம். தூண்டிவிடுதல் என்ற இடத்துக்கு வந்தால்தான் அரசு கை வைக்க முடியும். நம்மூர்க்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான தீர்ப்பு 1989-இல் வந்தது. இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்துக்குக் கொடுத்த சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. கலவரம் வரும் என்ற பயத்தைக் காட்டி அரசு கருத்தை அடக்கக் கூடாது, வெடிமருந்தில் விழுந்த பொறி மாதிரி ஆபத்துக்கும் பேச்சுக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்றது. 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் இன்னொரு படி மேலே போனது: வார்த்தைகளின் விளைவை, எதற்கெடுத்தாலும் பதறுகிறவரின் கண்ணால் பார்க்கக் கூடாது, திடமான மனமுள்ளவரின் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இதை வைத்து முதல் சுவரொட்டிக்கு வருவோம். அதன் பின்னால் ஒரு நியாயமான ஆதங்கம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகத்தில் புதுச்சேரி மாணவர்களுக்கு 25 சதவீத இடம் சில பாடங்களில் மட்டும்தான் உண்டு, எல்லாவற்றிலும் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையிலும் கடலூர் சிப்காட்டிலும் உள்ளூர்ப் பையன்களுக்கு வேலை இல்லை, குறைந்த கூலிக்கு வெளிமாநிலத்தவரை வைத்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சு எந்த டீக்கடையிலும் கேட்கும். இதையெல்லாம் சுவரில் எழுதலாம். காரசாரமாகவே எழுதலாம். ‘25 சதவீதத்தை எல்லாப் பாடத்துக்கும் கொடு’ என்று ஒட்டினால், துணைவேந்தருக்கு எவ்வளவு எரிச்சல் வந்தாலும் அது அரசியல் கோரிக்கை. ‘ஒப்பந்தக்காரனே, ஒடிசாக்காரனுக்கும் அதே கூலி கொடு’ என்று ஒட்டினால் அதைவிட நல்லது. 1979-ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டமே ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று சொன்னது. அதை ஒழுங்காக அமல்படுத்தியிருந்தால், மலிவாகக் கிடைக்கிறார்கள் என்பதற்காக ஆள் கொண்டுவருவது பாதியாவது குறைந்திருக்கும்.

ஆனால் ஹவுரா டிக்கெட் துணைவேந்தரையும் கேட்கவில்லை, ஒப்பந்தக்காரரையும் கேட்கவில்லை. அது ஒட்டப்பட்ட இடத்தைப் பாருங்கள்: மெஸ் வாசல். தினமும் மூன்று வேளை அந்த வாசலைத் தாண்டித்தான் அசாம் மாணவியும் வங்காள மாணவனும் சாப்பிடப் போக வேண்டும். உள்ளே சப்பாத்தி தேய்க்கிற பையனும் ஒடிசாவிலிருந்து வந்தவனாகவே இருப்பான். நாட்டின் எந்தப் பகுதியிலும் போய் வாழலாம் என்று 19(1)(ஈ), (உ) அவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. பிறந்த இடம், மொழி ஆகியவற்றை வைத்துப் பகையை வளர்ப்பது இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவில் குற்றம். ஒரு மொழியைச் சேர்ந்தவர், ஒரு வட்டாரத்தைச் சேர்ந்தவர் என்பதற்காகக் குடிமக்களின் உரிமையைப் பறிக்க வேண்டும் என்று பிரசாரம் செய்வது 197-இல் வரும். இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறை.

அதற்காக இந்த மூன்று பையன்கள் மேல் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். கிண்டலாக ஒரு டிக்கெட் அச்சடித்ததை 196-க்குள் இழுப்பது நீதிமன்றத்தில் நிற்பது கடினம், நிற்கவும் கூடாது. 2025 தீர்ப்பு இதற்கும் வழி சொல்லியிருக்கிறது. மூன்று முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சுக் குற்றங்களில், குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3)-இன்படி போலீஸ் 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்துவிட்டு முடிவெடுப்பதுதான் பொருத்தம் என்கிறது. வளாகத்துக்குள் முடிய வேண்டியதை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் அந்தப் பையன்கள் திருந்த மாட்டார்கள், தியாகிகள் ஆவார்கள்.

2023 மார்ச்சில் நடந்ததை அந்த மூவரும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. சம்பந்தமே இல்லாத சண்டைக் காட்சிகளை எடுத்து ஒட்டியவை அவை. ஆனாலும் பயந்துபோய் ஆட்கள் ரயிலேறினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் மெஸ் வாசல் டிக்கெட்டை ஒருவர் போட்டோ எடுத்து பாட்னாவுக்கு அனுப்பினால், அடுத்த பொய்க்கு அதுவே ஆதாரமாகிவிடும்.

இனி இரண்டாவது. இதில்தான் எனக்குப் பொறுமை போகிறது. முதலாவது ஒரு கூட்டத்தைப் பார்த்து ‘போ’ என்கிறது. இரண்டாவது பக்கத்து பெஞ்சில் இருப்பவனைப் பிடித்துக் கொடு என்கிறது. கையில் கருவியும் கொடுக்கிறது. அந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் ஒரு படிவம் திறக்கும், பெயர், துறை, அறை எண் கேட்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். பேசுவதோடு நிற்காமல் ஆளின் பெயரைப் பட்டியலில் சேர்க்கும் வேலை இது. வங்காளம் பேசும் ஒரு மாணவனிடம் அறைத் தோழர்களே ஆதாரைக் காட்டு என்று கேட்டார்களாம். ஒரு குடிமகனிடம் இன்னொரு குடிமகன் குடியுரிமைக்கு ஆதாரம் கேட்க எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. அப்புறம், ஆதார் குடியுரிமைச் சான்றே கிடையாது. 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டத்தின் 9-ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. கேட்டவனுக்கும் அது தெரியவில்லை, காட்டியவனுக்கும் தெரியவில்லை.

இது வெறும் பயம் என்று நினைக்காதீர்கள். 2025-இல் டெல்லியில் பிடிபட்ட மேற்கு வங்கக் குடும்பம் ஒன்று, பீர்பூம் மாவட்டத்துக்காரர்கள், வங்கதேசத்துக்குள் தள்ளப்பட்டது. அதில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் இருந்தார். திரும்ப அழைத்துவரச் சொல்லி கல்கத்தா உயர் நீதிமன்றம் செப்டம்பரில் உத்தரவிட்டது. டிசம்பரில்தான் அந்தப் பெண் ஊர் திரும்ப முடிந்தது. அரசு இயந்திரமே இப்படித் தவறும்போது, இருபது வயதுப் பையன்கள் கூகுள் படிவத்தில் நடத்தும் விசாரணை எந்த லட்சணத்தில் இருக்கும்?

இதை ஒட்டியவர்களில் ஒருவரும் யோசித்துப் பார்க்காத இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். காலாப்பட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் கீழ்ப்புத்துப்பட்டு. அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஊர். அங்கே இலங்கைத் தமிழர் கேம்ப் இருக்கிறது. கடலூர் மாவட்டத்திலும் குறிஞ்சிப்பாடி மாதிரி இடங்களில் உண்டு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் தாண்டி வந்தார்கள். பலர் திரும்பிவிட்டார்கள், பலர் இங்கேயே இருக்கிறார்கள். 2021-இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. நல்ல காரியம்தான். ஆனால் குடியுரிமைச் சட்டம் மாறவில்லை.

2003-இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டத்தின்படி, செல்லத்தக்க பயண ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் வந்த வெளிநாட்டவர் ‘சட்டவிரோதக் குடியேறி’. குண்டு விழும்போது படகேறியவர்களிடம் விசா எங்கிருந்து வரும்? அவர்களில் பெரும்பாலோர் சட்டத்தின் கண்ணில் இந்தப் பட்டியலில்தான் வருகிறார்கள். அந்தப் பட்டம் பிள்ளைகள் தலையிலும் விழுகிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு என்றால் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பெற்றோரில் ஒருவர்கூட சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், தான் இந்தியக் குடிமகள்தான் என்பதை நிலைநாட்ட 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. தீர்ப்பு அவர் பக்கம் வந்தது, 2024 தேர்தலில் வாக்களித்தார். இரண்டு வருடம் தள்ளிப் பிறந்திருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும். 2019-இன் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிலருக்குத்தான் கதவைத் திறந்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு அதன் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். அது ஜெயிலுக்கு அனுப்பாமல் காப்பாற்றும். குடியுரிமை தராது.

உங்கள் கல்லூரியிலேயே கேம்ப் பிள்ளைகள் படிக்கலாம். பேச்சில் அடையாளம் தெரியாது, இங்கே பிறந்து வளர்ந்தவர்கள். அதிகாரிகள் ஆள் கணக்கு எடுக்கும் தணிக்கை நாளில் கேம்பில் இருந்தாக வேண்டும் என்பதால் சில நாள் வகுப்புக்கு வர மாட்டார்கள், காரணத்தை யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் பாஸ்போர்ட் எண் கேட்கும் கட்டத்தில் பேனாவை வைத்துவிடுவார்கள். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, ஓட்டும் கிடையாது. ‘ஊடுருவியைக் காட்டிக்கொடு’ என்று அந்தச் சுவரொட்டி சொல்கிறபோது, ஒட்டியவர்கள் மனதில் இருப்பது எங்கோ வங்கதேச எல்லையில் உள்ள ஆளாக இருக்கலாம். காகிதத்தைப் பார்த்தால் மாட்டப்போவது கேம்பில் வளர்ந்த இந்தத் தமிழ்ப் பிள்ளைகள். ஹவுரா டிக்கெட் அடித்த தமிழ்ப் பற்றாளர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து வந்தவன் என்றால் விரட்டலாம் என்ற வாதத்தை வடக்கத்தியானுக்கு எதிராக எடுத்தால், ஈழத்துப் பிள்ளைக்கு எதிராக அதையே இன்னொருவன் எடுக்கும்போது என்ன பதில் வைத்திருக்கிறோம்?

புதுச்சேரியில் இருந்துகொண்டு இதைப் பேசுவது எனக்குக் கூடுதல் வலி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் கப்பலாகப் போனது நம் சனம்தான். சைகோனில் கடை வைத்ததும், பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ‘சொல்தா’ (சிப்பாய்) என்று பெயர் வாங்கியதும் நம்மவர்கள்தான். 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிஸ் புறநகர்களில் இருக்கிறார்கள். குடியேறிகளுக்கு எதிராக அங்கே ஒரு கட்சி சுவரொட்டி ஒட்டினால் இங்கே பாட்டி போன் பண்ணி ‘வெளியே போகாதே’ என்கிறாள்.

அடுத்து நிர்வாகம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நடந்திருக்கிறது. அனுமதி இல்லாமல் ஒட்டியது தவறு என்றால் இரண்டையும் எடுக்க வேண்டும். வெறுப்பு என்றால், ஆளைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிற இரண்டாவதைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும். யாருக்குப் பின்னால் எந்தக் கட்சி இருக்கிறது என்று பார்த்துக் கிழித்தால், அடுத்த முறை நிர்வாகம் நியாயமாகவே ஒன்று சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். 2019 டிசம்பர் 23 நினைவிருக்கிறதா? குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் வந்திருந்த புதுவைப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், தங்கப் பதக்கம் வாங்க வந்த தன்னை அரங்குக்கு வெளியே நிறுத்திவைத்ததாகவும், அவர் கிளம்பிய பிறகே உள்ளே விட்டதாகவும் ஒரு மாணவி சொன்னார். குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துப் போராடியவர்களுக்கு ஆதரவாகப் பதக்கத்தை மறுத்து, சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார். அன்று அந்த மாணவியின் பக்கம் நின்றவர்கள், இன்று தங்களுக்குப் பிடிக்காத சுவரொட்டியை ஒட்டியவனுக்கும் விசாரணை வேண்டும் என்று கேட்கத்தான் வேண்டும். நான் கேட்கிறேன். ஷோகாஸ் நோட்டீஸ், பதில் சொல்ல அவகாசம், நேரில் கேட்பது: இதெல்லாம் இல்லாத சஸ்பென்ஷன் இயற்கை நீதிக்கு விரோதம். அந்த மூவரின் கருத்தை நான் வெறுக்கிறேன். ஆனாலும் அவர்கள் பரீட்சை எழுத வேண்டும்.

நீங்கள் என்ன செய்வது என்று கேட்டீர்கள். பதிலுக்கு மூன்றாவது சுவரொட்டி வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி எல்லாக் கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு ஆம்புட்ஸ்பர்சன் என்ற குறைதீர் அதிகாரி உண்டு. ஒரே மனுவில் இரண்டு சுவரொட்டியையும் எழுதுங்கள், இரண்டுக்கும் ஒரே விதியைக் கேளுங்கள். சஸ்பென்ஷனை நிறுத்திவைத்து முறையாக விசாரிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் வங்காள, அசாம் மாணவர்களோடு இரு அமைப்புகளிலிருந்தும் மனசாட்சியுள்ள சிலரைக் கையெழுத்துப் போட வையுங்கள். கேம்ப் பிள்ளைகளைக் கையெழுத்துக்கு அழைக்க வேண்டாம். தமிழகக் காவல்துறையின் உளவு அமைப்பான கியூ பிரிவின் விசாரணை வருமோ என்ற பயம் அவர்களுக்கு நிஜம். அந்தச் சுமையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறையில் ஆதார் கேட்ட விஷயத்தைத் தனியாக எழுதுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: 2016 திருத்தத்துக்குப் பிறகு யுஜிசியின் ராகிங் தடை விதிகள் நிறம், இனம், தேசம், வட்டாரம், மொழி, பிறந்த இடம் ஆகியவற்றை வைத்து ஒரு மாணவரைக் குறிவைத்துத் துன்புறுத்துவதையும் ராகிங் என்றே சொல்கின்றன. முதலாண்டு மாணவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. 1800-180-5522 என்ற எண்ணுக்குச் சொன்னால் கல்லூரி பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்தப் புகாரை, அந்த மாணவன் சம்மதித்தால் மட்டும், அவன் பெயரில் கொடுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது அந்த கியூஆர் கோடு. யாராவது கிழிப்பதற்குள் சுவரொட்டியைத் தேதியோடு படம் எடுத்துவையுங்கள், படிவத்தின் முகவரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இதுவரை யார் யார் பெயர் அதில் விழுந்திருக்கிறது, அந்தப் பட்டியல் யார் கையில் இருக்கிறது, அதை அழித்துவிட்டதாக எழுத்தில் உறுதி கிடைக்குமா என்ற மூன்றையும் மனுவின் முதல் பத்தியிலேயே கேளுங்கள்.